பிடி இருந்ததால்தான் அடி விழுந்தது

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'சார்ல்ஸ் ஒலிவேராவை உலகச் சாம்பியன் ஆக்கியது தரையில் கற்ற பிடியா, நின்று கற்ற அடியா?' என்பது இன்றைய தலைப்பு. ஒலிவேரா பிரேசில் நாட்டு வீரர்; குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை அவர் தொழில். பிடியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் இரண்டு கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்தார். 2021 மே 15 அன்று ஹூஸ்டனில் மைக்கேல் சாண்ட்லரை வீழ்த்தி யூஎஃப்சி என்ற கூண்டுச் சண்டை அமைப்பின் லைட்வெயிட் எடைப்பிரிவுச் சாம்பியன் பெல்ட்டை ஒலிவேரா எடுத்தது, இரண்டாம் சுற்றின் 19-ஆவது நொடியில், இடக்கைக் குத்தில் தொடங்கிய அடியால்தானே, இதில் பிடி எங்கே வந்தது என்றார். அடுத்து, தரையில் பிடித்துப் பூட்டும் கலையான ஜியு-ஜிட்சுவின் கருப்புப் பட்டை 2010-லேயே கையில் இருந்ததே, பிடிதான் காரணம் என்றால் பெல்ட் வர 11 ஆண்டு ஏன் ஆனது என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் அமர மாட்டேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2017 டிசம்பரில் பால் ஃபெல்டரிடம் தோற்றார். அதன் பிறகு 2018 ஜூன் முதல் 2022 மே வரை 11 சண்டை, பதினொன்றும் வெற்றி. அதில் கிளே குய்டா, கிறிஸ்டோஸ் கியாகோஸ், ஜிம் மில்லர், டேவிட் டெய்மூர், கெவின் லீ, டஸ்டின் பொரியே, ஜஸ்டின் கேத்ஜி ஆகிய 7 பேர் அவர் பிடியில் சிக்கித் தோற்றவர்கள். நிக் லென்ட்ஸ், ஜாரெட் கோர்டன், சாண்ட்லர் ஆகிய மூவர் அடியில் விழுந்தவர்கள். மீதி ஒருவர் டோனி ஃபெர்குசன். அது மதிப்பெண்ணில் முடிந்தது, மூன்று மதிப்பெண் நடுவர்களும் 30-26 என்று எழுதினார்கள். அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது? மூன்று சுற்றிலும் ஃபெர்குசனைக் கீழே கிடத்தி மேலே இருந்ததால் வந்தது. முதல் சுற்று முடிகிற நேரத்தில் கையை நீட்டி நெம்பும் ஆர்ம்பார் பூட்டில் ஃபெர்குசனின் முழங்கை மடங்கக் கூடாத பக்கம் வளைந்தது. மணி அடித்துக் காப்பாற்றியது. ஆக, 11-இல் 8 தரைக் கணக்கு. இன்றைக்கும் யூஎஃப்சியில் மிக அதிகமான சப்மிஷன் (பிடியால் பணிய வைக்கும்) வெற்றி இந்த மனிதரின் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. அடியால் வந்த அந்த மூன்றும்கூடப் பிடி போட்ட பிச்சை என்பதே என் கட்சி. அதைப் புரிந்துகொள்ள, அவர் கழுத்தைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதை அருகே போய்ப் பார்க்க வேண்டும்.

ரியர் நேக்கட் சோக் என்று உலகம் சொல்லும் பிடிக்கு பிரேசிலில் 'மாத்தா லெயாவ்' என்று பெயர். சிங்கத்தைக் கொல்வது என்று பொருள். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போனதும் கழுத்துக்குப் பாய்வது புதியவர் செய்யும் தவறு. ஒலிவேரா முதலில் உடலைப் பூட்டுவார். ஒரு கை தோளுக்கு மேலே, மறு கை அக்குளுக்குக் கீழே, இரண்டும் மார்பின் முன்னால் கோத்துக்கொள்ளும், காரில் போடும் சீட் பெல்ட் மாதிரி. கால்கள் இரண்டும் எதிராளியின் தொடைக்கு உள்பக்கம் கொக்கி போடும், அல்லது ஒரு கால் வயிற்றைச் சுற்றிப் போய் மறு முழங்காலுக்குப் பின்னால் மடங்கி முக்கோணப் பூட்டாகும். அவர் 178 செ.மீ. உயரம், நீளமான கால்கள், அந்தப் பூட்டு அவருக்கு எளிதில் விழும். இந்த இடத்தில் இரண்டு கணுக்காலையும் முன்னால் குறுக்கே போட்டுவிட்டால் தொலைந்தது. எதிராளி தன் காலை மேலே போட்டு நெம்பினால் கணுக்கால் பிடிபட்டுவிடும்.

அதன் பிறகே கழுத்து. முழங்கையின் மடிப்பு எதிராளியின் தாடைக்கு நேர் கீழே வர வேண்டும். அந்தக் கையின் உள்ளங்கை மறு கையின் புஜத்தைப் பற்ற வேண்டும். மறு கை எதிராளியின் பின்னந்தலைக்குப் பின்னால் ஒளிய வேண்டும். அந்தக் கை வெளியே தெரிந்தால் எதிராளி விரல்களைப் பற்றி உரித்துவிடுவார். முன்கை தாடை எலும்பின் மேல் கிடந்தால் வலி இருக்கும், ஆனால் ரத்தம் நிற்காது. சரியாக அமர்ந்துவிட்டால் கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் நசுங்கும். முழங்கைகளை நெருக்கி மார்பை விரித்தால் போதும், சுமார் 10 நொடியில் நினைவு போகும். மூச்சை அடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூச்சடைத்தால் ஒருவர் ஒரு நிமிடம்கூடப் போராடலாம். ரத்தம் நின்றால் போராட நேரமே கிடையாது. 2021 டிசம்பரில் பொரியேவுக்கு இது நின்ற நிலையிலேயே நடந்தது. மூன்றாம் சுற்று, 1 நிமிடம் 2 நொடி. பொரியே கூண்டோரம் நின்றுகொண்டிருக்க, அவர் முதுகில் தொங்கியபடியே ஒலிவேரா கழுத்தை முடித்தார். முழு எடையையும் முதுகில் சுமந்துகொண்டே கழுத்தைக் காக்க வேண்டிய நிலை பொரியேவுக்கு.

இந்த முடிவு நிச்சயம் என்று எதிராளிக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிதல்தான் என் வாதத்தின் உயிர்நாடி. முதலை கிடக்கிற குளத்தில் தாகம் எடுத்தாலும் யாரும் இறங்க மாட்டார்கள், கரையிலேயே நிற்பார்கள். 2022 மே 7, ஃபீனிக்ஸ். கேத்ஜியின் குத்தில் ஒலிவேரா கீழே விழுகிறார். வேறு எவர் விழுந்திருந்தாலும் கேத்ஜி மேலே பாய்ந்து முடித்திருப்பார், அவர் பிழைப்பே அது. ஒலிவேரா விழுந்தபோது என்ன செய்தார்? பின்வாங்கி, எழுந்து வா என்று நின்றார். அடிபட்டவருக்கு உயிர் பெற வேண்டிய நேரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அதே சுற்றில் ஒலிவேராவின் வலக்கை கேத்ஜியைச் சாய்த்தது. ஒலிவேராவுக்குத் தயக்கம் இருந்ததா? கூடவே தரைக்குப் போனார், முதுகை எடுத்தார், 3 நிமிடம் 22 நொடியில் கேத்ஜி கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒருவர் விழுந்தால் சண்டை தொடர்கிறது, மற்றவர் விழுந்தால் சண்டை முடிகிறது. இரண்டு பேருமே அடித்தார்கள், இரண்டு பேருமே விழுந்தார்கள். வித்தியாசம் பிடி ஒன்றுதான்.

(அந்த வெற்றிக்கு பெல்ட் கிடைக்கவில்லை என்பது தனி வேதனை. 155 பவுண்டு எல்லைக்கு முந்தின நாள் தராசில் 155.5 பவுண்டு. அரைப் பவுண்டு, சுமார் 227 கிராம், அதற்காகப் பட்டம் பறிபோனது.)

இப்போது அவர் நிற்கும் விதத்தைப் பாருங்கள். மல்யுத்த வீரரை எதிர்கொள்ளும் அடிக்காரர்கள் எப்படி நிற்பார்கள்? கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, கையைக் கொஞ்சம் இறக்கி நிற்பார்கள். காலைப் பிடித்துக் கவிழ்த்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் உதைப்பதற்கும் தயங்குவார்கள், உதைத்த கால் பிடிபட்டால் முதுகு தரையில். ஒலிவேரா நிமிர்ந்து நிற்கிறார். கை உயரத்தில். முன்னே நடந்து வந்துகொண்டே இருப்பார். வயிற்றுக்கு நேராக முன்னுதை விடுவார், பிடரியைப் பிடித்து முழங்காலால் இடிப்பார். எதிரணித் தோழர் இதைத் தாய்லாந்தின் அடிக்கலையான முவாய் தாய் என்று கொண்டாடினார். நானும் கொண்டாடுகிறேன். ஆனால் இவ்வளவு தாராளமாக உதைக்க அவருக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? கால் பிடிபட்டால் என்ன, கவிழ்ந்தால் என்ன, கவிழும் இடம் அவர் வீடு! காலைப் பிடிக்கத் தலையைக் குனிந்தால் கழுத்து, முன்னாலிருந்து கையால் நெரிக்கும் கில்லட்டின் பிடிக்குள் போகும். 2020 மார்ச்சில், கொரோனாவால் ஆளில்லாத பிரேசிலியா அரங்கில், கெவின் லீ என்ற நல்ல மல்யுத்தக்காரருக்கு மூன்றாம் சுற்றில் அதுதான் நடந்தது.

சரி, சாண்ட்லருக்கு வருகிறேன். 19-ஆவது நொடியை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய 5 நிமிடத்தை யாரும் சொல்வதில்லை. முதல் சுற்றில் சாண்ட்லரின் கை பட்டு ஒலிவேரா தடுமாறினார். அதே சுற்றில் சாண்ட்லரின் முதுகில் ஏறிக் காலால் பூட்டி வைத்தார், சாண்ட்லர் சிரமப்பட்டுத் திரும்பி வெளியே வந்தார். பிறகு ஒலிவேரா மறுபடியும் அடிபட்டுக் கீழே போனார், மேலிருந்து குத்து மழை. அந்த மழையில் தாக்குப்பிடிப்பதும் தரைக்கலையே. கீழே கிடப்பவர் அசையாமல் முகத்தை மட்டும் மூடிக்கொண்டால் கூண்டு நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார். மணிக்கட்டைப் பற்ற வேண்டும், முழங்காலை உள்ளே நுழைக்க வேண்டும், இடுப்பை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சிறுவயது முதல் பாயில் உருண்ட உடம்பு அதை யோசிக்காமல் செய்யும். அது செய்யாமல் போயிருந்தால் இரண்டாம் சுற்றே கிடையாது. 19-ஆவது நொடியும் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி. கருப்புப் பட்டை இருந்தும் 11 ஆண்டு ஏன்?

யூஎஃப்சியில் முதல் சண்டையிலேயே, 2010 ஆகஸ்டில், டேரன் எல்கின்ஸை 41 நொடியில் தட்ட வைத்தவர் அவர், வயது 20. 2011-இல் டொனால்ட் செரோனியிடம் தோற்ற பிறகு எடைப்பிரிவை மாற்றிக்கொண்டு ஃபெதர்வெயிட்டுக்கு இறங்கினார். அங்கேதான் சறுக்கல். கப் ஸ்வான்சன், ஃப்ராங்கி எட்கர், மேக்ஸ் ஹாலோவே, ஆந்தனி பெட்டிஸ், ரிக்கார்டோ லாமாஸ் என்று 5 தோல்வி. கடைசி இரண்டிலும் அவரே கில்லட்டினில் சிக்கினார் என்று எதிரணி குத்திக் காட்டலாம். காட்டட்டும். ஃபெதர்வெயிட் எல்லை 145 பவுண்டு, 65.8 கிலோ. லாமாஸ் சண்டைக்கு முந்தின நாள் தராசில் அவர் எடை 155. பட்டம் இல்லாத சண்டைக்குத் தரும் சலுகை ஒரு பவுண்டு போக 9 பவுண்டு அதிகம். கடைசி நாட்களில் உடம்பின் நீரை வற்றடித்து எடை குறைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். வற்றிய உடம்புக்கு எல்லாமே கெடும், ஆனால் பிடிக்காரருக்குக் கூடுதலாகக் கெடும். குத்து ஒரு நொடி வேலை. பிடி என்பது முன்கை, தொடை, இடுப்பு மூன்றும் தொடர்ந்து இறுகி நிற்க வேண்டிய வேலை. முன்கை ஒருமுறை கல்லாகிவிட்டால் அந்தச் சுற்றில் விரல் மூடாது. லாமாஸ் தோல்விக்குப் பின் 70.3 கிலோ லைட்வெயிட்டுக்குத் திரும்பினார். 2017 ஏப்ரலில் வில் ப்ரூக்ஸ், முதல் சுற்றிலேயே, அதே மாத்தா லெயாவ். உடம்புக்குச் சாப்பாடும் தண்ணீரும் கிடைத்ததும் பழைய கை வேலை செய்தது.

அந்த மெலிந்த காலத்திலும் 2012 ஜனவரியில் எரிக் வைஸ்லியைக் கால்ஃப் ஸ்லைசரில் முடித்தார். தன் கணைக்கால் எலும்பை எதிராளியின் முழங்கால் மடிப்புக்குள் வைத்து அந்தக் காலை மடக்கி இழுப்பது. கெண்டைக்கால் தசை இரண்டு எலும்புக்கு நடுவே நசுங்கும். யூஎஃப்சியில் அந்தப் பிடியால் வந்த முதல் வெற்றி அது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாவோ பாவுலோவில் டியேகோ லிமாவின் சூட் பாக்ஸ் கூடத்தில் கற்ற அடி இல்லாமல் அந்த பெல்ட் வந்திருக்காது. முன்பெல்லாம் அவர் நின்றால் எதிராளிக்குப் பயமில்லை, தூரத்தில் நின்று அடித்தார்கள். செரோனி அடித்தார், ஸ்வான்சன் அடித்தார். அடி வந்த பிறகு தூரமும் ஆபத்தானது. ஆனால் தோழர்களே, 2025 ஜூனில் இலியா டோபுரியா முதல் சுற்றிலேயே அவரை மயங்க வைத்தாரே, ஒலிவேரா அடியால் மட்டும் நிற்க முடியும் என்றால் அன்று நின்றிருக்க வேண்டுமே?

இஸ்லாம் மக்காச்சேவ் பெயரையும் எடுப்பீர்கள். 2022 அக்டோபர், அபுதாபி, கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கும் ஆர்ம் ட்ரையாங்கிள் பிடியில் ஒலிவேரா தட்டினார், பிடிக்காரரைப் பிடியாலேயே வென்றார் என்பீர்கள். காட்சியைத் திரும்பப் பாருங்கள். முதலில் விழுந்தது மக்காச்சேவின் வலக்கை. நிலை குலைந்து சரிந்தவர் மேல்தான் அந்தப் பிடி விழுந்தது. அன்று முதலில் தோற்றது ஒலிவேராவின் அடி.

குவாருஜாவின் விசென்டே டி கார்வால்யோ என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்த பையன். ஏழு வயதில் வாதக் காய்ச்சல், இதயத்தில் முணுமுணுப்பு, விளையாட்டே கூடாது என்றார்கள் மருத்துவர்கள். 12 வயதில் அவன் முதலில் கால் வைத்தது ஜியு-ஜிட்சுப் பாயில். டோபுரியாவிடம் விழுந்து நான்கு மாதம் ஆவதற்குள், 2025 அக்டோபர் 11 அன்று ரியோவில் அவர் மறுபடி கூண்டுக்குள் வந்தார். எதிரே போலந்தின் மத்தேயுஷ் கம்ரோட், மல்யுத்தத்தால் பிழைப்பவர். ஒலிவேராவின் வயது 36-ஐத் தொட ஆறே நாள். இரண்டாம் சுற்றில் ஒலிவேரா முதுகை எடுத்தார். கை இறுகியது. கம்ரோட் தட்டினார்.

தீர்ப்பு உங்களிடம், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.