தங்கம் எடுத்தவர்கள் சரி, இயந்திரத்துக்கு ஷாஃப்ட் கடைந்தவர்கள்?

வணக்கம் நண்பர்களே. காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் யூகான் பகுதியில், டாசன் நகருக்கு வெளியே, பொனான்சா ஓடைக் கரையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் எட்டு மாடி உயரத்துக்கு நிற்கிறதே, அது கட்டடம் இல்லை. மிதந்துகொண்டே மண்ணைத் தோண்டிய இயந்திரம். 4ஆம் எண் டிரெட்ஜ்.

1896 ஆகஸ்டில் இந்த ஓடையில் தங்கம் கிடைத்தது. சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள், வந்து சேர்ந்தவர்கள் 30,000, 40,000 பேர்தான். இந்தக் கதை பலருக்கும் தெரியும். நான் பேச வந்தது, இங்கே வந்து இரும்பு வேலை பார்த்தவர்களைப் பற்றி. டொராண்டோவில் நான் இரும்பைக் கடையும் லேத் ஓட்டுகிறேன். 11 வருட டர்னர் அனுபவத்தோடு வந்து இறங்கிய எனக்கு அங்கே கிடைத்த முதல் வேலை, கிடங்கில் பெட்டி அடுக்குவது. அதனால் ஊரை விட்டு வந்த தொழிலாளி என்றாலே என் மனசு அந்தப் பக்கம் போய்விடும்.

முதலில் இந்த மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோடையிலும் அடிமண் உருகாது, உறைந்தே கிடக்கும். தங்கமோ அதற்கும் கீழே, பாறையை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் குழிக்குள் விறகைப் போட்டு இரவெல்லாம் எரிய விடுவார்கள். காலையில் இளகிய மண்ணை மட்டும் வாளியில் ஏற்றிவிட்டு மறுபடியும் தீ மூட்டுவார்கள். மாதக்கணக்கில் இப்படியே போகும். குவித்த மண்ணை வசந்தத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அலசிப் பார்த்தால்தான் அந்த உழைப்புக்குக் கூலி உண்டா இல்லையா என்பதே தெரியும்.

அப்புறம் நீராவி வந்தது. கூர்முனை வைத்த இரும்புக் குழாயைச் சம்மட்டியால் உறைமண்ணில் அடித்து இறக்கி, கொதிகலனிலிருந்து நீராவியை உள்ளே விடுவார்கள். கொதிகலன் என்று ஒன்று வந்துவிட்டாலே வால்வு ஒழுகும், குழாய் வெடிக்கும். யூகான் ஆறு வருடத்தில் ஏறத்தாழ ஏழு மாதம் உறைந்து கிடக்கும், அந்த நாட்களில் கப்பல் வராது. கனமான பாகம் உடைந்தால் கடையில் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கேயே அடித்து, கடைந்து, பொருத்த வேண்டும்.

சரி, உள்ளே போவோம். இந்த வாளியைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 16 கன அடி மண் அள்ளும், நிமிடத்துக்கு 22 வாளி மேலே ஏறும். 1913 முதல் 1959 வரை ஓடிய இந்த டிரெட்ஜ் எடுத்த தங்கம் சுமார் 9 டன். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள், இரவு பகல் நிற்காமல் ஓடியது. நின்றால் நட்டம். கல்லும் மணலும் உரசி உரசி வாளிகளைக் கோக்கும் பின் தேயும், பின்னைச் சுற்றியிருக்கும் உறையான புஷ் தேயும். தேய்மானத்தை முன்கூட்டியே காதால் கேட்டுப் பிடிப்பவன்தான் நல்ல ஃபிட்டர், அதாவது பாகங்களைப் பொருத்துகிறவன். உறைபனி வந்து டிரெட்ஜ் நின்றதும் பழுது பார்க்கும் வேலை தொடங்கிவிடும். பக்கத்தில் பேர் கிரீக்கில் இருந்த நிறுவனக் குடியிருப்பில் இதற்கென்றே இயந்திரப் பட்டறை இருந்தது. 1966இல் அந்த இடம் மூடப்பட்டது.

இங்கே வந்த இரும்புத் தொழிலாளிகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஒருவர் பெயர் மட்டும் எனக்குத் தெரியும், யான் வெல்ஸல். இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1868இல் பிறந்து, பூட்டுத் தொழில் பழகியவர். சைபீரியா, ஆர்க்டிக் தீவுகள் என்று சுற்றிவிட்டுக் கடைசிக் காலத்தில் டாசனில் தங்கினார். இங்கே அவர் உட்கார்ந்து செய்தது என்ன தெரியுமா? எரிபொருளே இல்லாமல் என்றைக்கும் ஓயாமல் ஓடும் இயந்திரம். அது ஓடவில்லை, ஓடவும் முடியாது. ஆனாலும் குளிரில் தனியாக உட்கார்ந்து அரம் பிடித்த அந்தக் கையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1948இல் இந்த ஊரிலேயே இறந்தார்.

இந்த நிலத்தின் மக்களான ட்ரோன்டெக் ஹ்வெச்சின்களையும் சொல்லாமல் போகக்கூடாது. தங்கத்துக்காக வந்த கூட்டம் அவர்களை அவர்களுடைய மீன்பிடி இடத்திலிருந்தே நகர்த்தியது. இந்தத் தங்கப் பகுதிக்கு வழங்கும் கிளாண்டைக் என்ற பெயரே அவர்களுடைய ட்ரோன்டெக் என்ற சொல்தான். சால்மன் பிடிக்க ஆற்றில் கல்லால் முளை அடித்ததால் வந்த பெயர்.

இதோ, டிரெட்ஜில் இந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். விளக்கைக் கிட்டே கொண்டுபோகிறேன். வெல்டிங் வரி எவ்வளவு சீராக ஓடுகிறது பாருங்கள்.