90 நொடி செல்ஃப் இன்ட்ரோ: மலையில இருந்து இன்டர்வியூவுக்குப் போற இன்ஜினியரிங் பசங்களுக்கு

தம்பி தங்கச்சிங்களா, வணக்கம். குன்னூர் சிம்ஸ் பார்க் வெளியில நின்னு பேசிட்டிருக்கேன். காத்து அடிக்குது, குரல் சரியா கேட்கலைன்னா ஹெட்போன் போட்டுக்கோங்க. இன்னைக்கு ஒரே விஷயம்தான். இன்டர்வியூல "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டதும் நீங்க பேசுற அந்த 90 நொடி.

முதல்ல கணக்கு. இங்கிலீஷ்ல நிதானமாப் பேசினா நிமிஷத்துக்கு 130 வார்த்தை வரும். 90 நொடின்னா 195. நிறைய பேர் 350 வார்த்தை எழுதி மனப்பாடம் பண்ணிட்டு, நேரம் பத்தாம மூச்சு வாங்க ஒப்பிக்கிறாங்க. நடுவுல ஒரு வரி மறந்துச்சுன்னா மொத்தமும் நின்னுடும். மனப்பாடத்துல ஒவ்வொரு வரியையும் அதுக்கு முந்தின வரிதான் இழுத்துட்டு வருது, அதான் காரணம். எழுதுங்க, தப்பில்ல. ஆனா எழுதினதுல இருந்து ஒன்பது சொல்லை மட்டும் ஒரு சின்ன அட்டையில குறிச்சுக்கிட்டு, பேப்பரை மடிச்சு வச்சிடுங்க. அந்த ஒன்பது சொல்லை வச்சுப் பேசிப் பழகுங்க. ஒவ்வொரு தடவையும் வாக்கியம் கொஞ்சம் மாறும். மாறட்டும், அதுதான் பேச்சு.

குடும்பம், ஊர், படிப்பு எல்லாம் சேர்த்து 50 வார்த்தை போதும். "மைசெல்ஃப்"னு ஆரம்பிக்காதீங்க, "ஐ ஆம்" சொல்லிப் பேரைச் சொல்லுங்க. பத்தாவது மார்க், பன்னெண்டாவது மார்க் எல்லாம் ரெஸ்யூம்லயே இருக்கு. அப்பா அம்மா டீ எஸ்டேட்ல வேலை பார்க்கிறாங்கன்னா அதை ஒரே வரியில தெளிவாச் சொல்லுங்க, மறைக்கிறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. "ஐ ஆம் ஃப்ரம் தமிழ் மீடியம், ஸோ..."ன்னு இழுக்கிறீங்க பாருங்க, அந்த "ஸோ" மட்டும் வேண்டாம். தமிழ் மீடியம்கிறது ஒரு தகவல். அதுக்கு மன்னிப்பு கேட்க வேண்டியதில்ல.

இப்ப ஆர்வம். இதுக்குத்தான் 90 வார்த்தை ஒதுக்கணும். "ரோபோட்டிக்ஸ், ஏஐ, ஐஓடி, ஆட்டோமொபைல்"னு நாலு பேரை அடுக்கினா, எதிர்ல இருக்கிறவர் அதுல ஒண்ணைப் பிடிச்சு மூணு கேள்வி கேட்பார். மூணாவது கேள்விக்குப் பதில் இருக்காது. அதனால ஒரே ஒரு பொருளை எடுங்க. அது என்ன, எப்படி வேலை செய்யுது, ஏன் அப்படி வச்சாங்க, இந்த மூணுக்கும் பதில் கையில இருக்கணும்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு நம்ம நீலகிரி மலை ரயிலை விட நல்ல பாடம் எது? கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பாதை சுமார் 12 அடிக்கு 1 அடி ஏறுது. அந்த ஏத்தத்துல வெறும் சக்கரப் பிடிப்பை நம்ப முடியாது. அதனால தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு பல் பட்டை போட்டிருக்காங்க. இன்ஜினோட பல் சக்கரம், அதாவது பினியன், அதுல மாட்டித்தான் ஏறும். ஒரு பட்டையோட பல்லுக்கு நேரா அடுத்த பட்டையில இடைவெளி இருக்கும். ஏன் அப்படி? ஒரு பல் விலகுற நேரத்துல பக்கத்துப் பட்டையில பல் பிடிச்சிருக்கும், இழுவை அறாது. இன்ஜின் ஏன் கீழ்ப்பக்கம் நின்னு பெட்டிகளைத் தள்ளுது? பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் அறுந்தாலும் பெட்டி கீழே உருண்டு ஓடக் கூடாது. இதைச் சொல்லிட்டா அடுத்த அஞ்சு நிமிஷப் பேச்சு உங்க கையில.

ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கிறவங்க ஊட்டி பக்கத்துல இருக்கிற முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை எடுக்கலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970ல இருந்து வேலை செய்யுது. மலைச்சரிவு அந்த இடத்தோட அட்சரேகைக்குச் சமமா, சுமார் 11 டிகிரி இருக்கிறதால அதோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சிடுச்சு. அதனால ஒரே அச்சுல திருப்பினா போதும், வானத்துல நகர்ற பொருளை மணிக்கணக்கா பின்தொடரலாம். சிவிலா? ரோட்டோர தடுப்புச் சுவர்ல இருக்கிற தண்ணி ஓட்டைங்களைப் பாருங்க. அது மண் அடைச்சுக்கிச்சுன்னா மழையில சுவருக்குப் பின்னாடி தண்ணி தேங்கி, அழுத்தம் ஏறி, சுவர் சரியும்.

கடைசியா, பேச்சுத்திறன் பத்தின இலக்கு. "ஐ வான்ட் டு இம்ப்ரூவ் மை கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்"னு சொன்னா அதை யாரும் அளக்க முடியாது. "ஆறு வாரத்துல ஒரு வரைபடத்தை, குறிப்பைப் பார்க்காம மூணு நிமிஷம் விளக்கணும்"னு வைங்க. தினமும் போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. ரெண்டு நொடிக்கு மேல நின்ன இடம் எத்தனை, "ஆக்சுவலி" எத்தனைன்னு எண்ணி எழுதுங்க. காத்துல ரெக்கார்ட் பண்ணாதீங்க, வார்த்தையோட கடைசி எழுத்து கேட்காது.

நின்னு போறதுக்கு பெரும்பாலும் காரணம் இதுதான்: தமிழ்ல வினை கடைசியில வரும், இங்கிலீஷ்ல எழுவாய்க்கு அடுத்தே வந்தாகணும். தமிழ்ல யோசிச்சிட்டு மாத்தும்போது ரெண்டாவது வார்த்தையிலேயே மாட்டிக்குவீங்க. "தி இன்ஜின் புஷஸ்", "தி பினியன் டர்ன்ஸ்" மாதிரி பத்து ஜோடியை வாய்க்குப் பழக்குங்க, மீதி வாக்கியம் அதைத் தொத்திக்கிட்டு வந்துடும்.

உச்சரிப்புல ரெண்டே விஷயம். "மெக்கானிக்கல்"ல அழுத்தம் "கா" மேல, "இன்ஜினியரிங்"ல "னி" மேல. அடுத்தது "ப". தமிழ்ல ஒரே எழுத்துதான், ஆனா சிலிண்டரோட துளையைச் சொல்ற "போர்" (bore) வேற, உலோகத்தை ஊத்துற "போர்" (pour) வேற. ஒரு பேப்பர் துண்டை உதட்டுக்கு முன்னாடி நாலு விரல் தள்ளிப் பிடிங்க. ஊத்துறதைச் சொல்லும்போது பேப்பர் அசையணும், துளையைச் சொல்லும்போது அசையக் கூடாது. காலையில இருபது தடவை, ராத்திரி இருபது தடவை. ரெண்டுக்கும் அசையுதுன்னா துளை "போர்" சொல்றதுக்கு முன்னாடி தொண்டையில விரலை வச்சுப் பாருங்க, உதடு திறக்கிறதுக்கு முன்னாடியே அங்க அதிர்வு ஆரம்பிச்சிருக்கணும்.