மத்தியஸ்தரின் கை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நமது பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. முறிந்தது வடசேரிக் கொம்பா தென்சேரிக் கொம்பா என்பதைச் சுற்றி நிற்கிற சனம் முழுக்கப் பார்த்துவிடும். குத்துச்சண்டையில் அந்த வசதி கிடையாது. ஒருவர் விழுந்து எழும்பாமல் கிடந்தாலொழிய, வென்றது யார் என்று கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைக் குறைக்கிற கை ஒன்று றிங்குக்குள்ளேயே நடமாடுகிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். போட்டி பார்க்க வருகிற நம்மவர்கள் எல்லாரையும் 'நடுவர்' என்றே சொல்லிவிடுவதால், ஆத்திரம் அடிக்கடி பிழையான ஆள்மீது போய்விடுகிறது. றிங்குக்குள் நிற்பவர் மத்தியஸ்தர். வெளியே இருந்து புள்ளி இடுகிற ஐந்து பேர்தான் நடுவர்கள். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தெளிவாக முன்னுக்கு நின்ற அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் 3-2 என்று தோற்றதாக அறிவித்தார்களே, அது வெளியே இருந்தவர்களின் கைங்கரியம். மத்தியஸ்தரால் ஒருவருக்கும் புள்ளி கொடுக்க முடியாது. குறைக்கலாம், எண்ணலாம், நிறுத்தலாம். அந்த மூன்றே போதும், போட்டியைத் தலைகீழாக்க.

ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டை மூன்று சுற்று. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. 2013இலிருந்து பத்துப் புள்ளி முறை. சுற்றை எடுத்தவருக்கு 10, விட்டவருக்குப் பெரும்பாலும் 9, நன்றாக வாங்கியிருந்தால் 8 அல்லது 7. தவறு செய்தால் முதலில் வருவது கோஷன். அது வாய்க்கண்டிப்பு, புள்ளி போகாது. அடுத்தது வோர்னிங். வோர்னிங் விழுந்தால் ஐந்து நடுவர்களின் புள்ளி அட்டையிலும் ஒவ்வொரு புள்ளி கழியும். மூன்றாவது வோர்னிங்கோடு தகுதிநீக்கம்.

ஒரு புள்ளிதானே என்று நினைக்க வேண்டாம். கடதாசியும் பேனையும் பக்கத்தில் இருந்தால் எழுதிப் பாருங்கள். சிவப்பு மூலைப் பொடியன் முதல் இரண்டு சுற்றையும் எடுத்து மூன்றாவதை விட்டதாக மூன்று நடுவர்கள் கணிக்கிறார்கள். 10, 10, 9. கூட்டினால் 29. நீல மூலைக்கு 28. மற்ற இரண்டு நடுவர்கள் மாறாக நீலத்துக்கு 29, சிவப்புக்கு 28 இடுகிறார்கள். முடிவு 3-2, சிவப்பு வெற்றி. இப்போது சிவப்புக்கு ஒரே ஒரு வோர்னிங் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். முதல் மூன்று அட்டையும் 28-28 என்று சமமாகிவிடும். மற்ற இரண்டும் 27-29. சமமான அட்டை வைத்திருக்கும் நடுவர் இருவரில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மூவரில் ஒரே ஒருவர் நீலத்தைச் சொன்னாலும் போட்டி நீலத்துக்கு. ஒன்பது நிமிட உழைப்பு, ஒருவருடைய விரல் அசைவில் மாறிவிட்டது.

வோர்னிங் கொடுக்கிற முறையையும் கவனியுங்கள். மத்தியஸ்தர் 'ஸ்டொப்' என்கிறார். மற்றப் போட்டியாளரை, இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்கு அனுப்புகிறார். என்ன தவறு என்பதைத் தன் கையாலேயே நடித்துக் காட்டுகிறார்: பிடித்தால் கையைக் கோத்து, தலையால் இடித்தால் நெற்றியில் தட்டி. மறுகா தவறு செய்தவரைச் சுட்டி, ஐந்து நடுவர்களுக்கும் தெரியும்படி காட்டுகிறார். பார்வையாளர் இடத்தில் இருந்து பார்க்க இது ஒரு சடங்கு மாதிரி இருக்கும். களைத்துப் போனவனுக்கு அது சில விநாடி ஓய்வு. அடித்துத் துரத்திக்கொண்டிருந்தவனுக்கோ சூடு ஆறிப்போகிற நேரம். ஆகவே வோர்னிங் வாங்காதவனும் சிலவேளை நட்டப்படுகிறான்.

2013க்கு முந்திய கணினிப் புள்ளி முறையில் விலை இன்னும் கூட. ஒரு வோர்னிங், எதிராளிக்கு இரண்டு புள்ளி. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் இந்தியாவின் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13-11 என்று வென்றதாக அறிவித்தார்கள். அமெரிக்கத் தரப்பு முறையிட்டது. ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தபோது மூன்றாவது சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது தடவை பிடித்திருந்தார், மத்தியஸ்தரோ ஒரு கோஷனோடு விட்டிருந்தார். இரண்டாவது சுற்றில், பல்லைக் காக்கிற கம்ஷீல்டை வேண்டுமென்றே துப்பியதும் கண்டுகொள்ளப்படவில்லை. குறைந்தது இரண்டு வோர்னிங், அதாவது நான்கு புள்ளி வந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்து, ஸ்பென்ஸுக்கு 15-13 என்று வெற்றியைக் கொடுத்தார்கள். ஒரு குத்தும் கூடவில்லை, குறையவில்லை. விதி மட்டும்தான் திரும்ப வாசிக்கப்பட்டது.

அதே இலண்டனில் எதிர்மாறாகவும் நடந்தது. ஈரானின் அலி மஸாஹெரி கியூபாக்காரருடன் மோதியபோது, பிடித்ததற்காக அடுத்தடுத்து மூன்று வோர்னிங் கொடுத்து ஜேர்மன் மத்தியஸ்தர் அவரை வெளியே அனுப்பினார். பிறகு அந்த மத்தியஸ்தரையே ஐந்து நாள் இடைநிறுத்தினார்கள். விதிப்படி பார்த்தால் பிடித்தல் தவறுதான். ஆனால் ஒரு வோர்னிங்குக்கும் அடுத்ததுக்கும் இடையில், போட்டியாளன் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் இல்லாத கண்டிப்பு வெறும் தண்டனை.

எனது அபிப்பிராயம் வெளிப்படையானது. கண்டிப்பான மத்தியஸ்தரால் யாருக்கும் அநியாயம் வருவது குறைவு. முதல் சுற்றிலிருந்தே ஒரே அளவுகோலோடு நின்றால் இரண்டு பேரும் அதற்கேற்பத் தங்களைத் திருத்திக்கொள்வார்கள். இரண்டு சுற்றுத் தூங்கிவிட்டு மூன்றாவதில் கண் விழிக்கிறவரால்தான் ஆபத்து. அதுவரை எதை அனுமதித்தாரோ அதையே நம்பி ஒருவன் ஆடிக்கொண்டிருப்பான். திடீரென்று அதே செயலுக்குப் புள்ளி கழியும், திருப்பி எடுக்க நேரமிருக்காது.

இனிப் 'பிரேக்' கட்டளை. கண்டிப்பின் தாக்கம் சத்தமில்லாமல் நடக்கிற இடம் இதுதான். இருவரும் கட்டிக்கொண்டால் மத்தியஸ்தர் 'பிரேக்' என்பார். இருவரும் ஒவ்வொரு அடி பின்னுக்கு வைத்த பிறகே மீண்டும் குத்தலாம். இதில் யாருக்கு இலாபம்? கை நீளமானவனுக்கு. கட்டையான பொடியன், முன்கையால் நேரே வருகிற ஜாப் குத்துகளை வாங்கிக்கொண்டு, தலையை அசைத்து, மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து வயிற்றுக்கு அடிக்கிற தூரத்துக்கு வந்திருப்பான். அவன் பாடுபட்டுச் சம்பாதித்த அந்த இரண்டு அடி தூரத்தை ஒரு 'பிரேக்' பறித்துவிடும். கை ஒன்று சுதந்திரமாக இருந்து குத்து நடக்கும் வரை விட்டுவைக்கிற மத்தியஸ்தரும், உடம்பு முட்டியதுமே பிரிக்கிற மத்தியஸ்தரும் ஒரே சோடிக்கு இரண்டு வேறு முடிவுகளைக் கொண்டுவரலாம். ஒருவரும் விதியை மீறவில்லை. ஆட்டத்தின் வகைதான் மாறியது.

பிடித்தல் ஏன் வருகிறது? பெரும்பாலும் களைப்பால். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், தகரக்கூரை மண்டபத்தில், மூன்றாவது சுற்றில் தோள் கனத்துப்போகும். குத்தி முடிந்த கை தானாகவே திரும்பி வராது. எதிராளியின் முழங்கைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். பொடியன் பிடிக்க நினைத்திருக்கவே மாட்டான். மத்தியஸ்தருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய கடமையும் இல்லை. ஆகவே மருந்து மூச்சிலும் காலிலும் இருக்கிறது. குத்தை முடித்ததும் இடப்பக்கமோ வலப்பக்கமோ அரை அடி விலகப் பழகியவனுக்குப் பிடிக்க வேண்டிய தேவை வராது.

தலையால் இடிப்பது அடுத்த பெரிய தொல்லை, அதுவும் வலக்கைக்காரனும் இடக்கைக்காரனும் மோதும்போது. இருவருடைய முன்காலும் ஒரே பக்கத்தில் நிற்பதால் தலைகள் ஒரே கோட்டில் வந்து முட்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில், பிரான்ஸின் மூராட் அலியேவ் முதல் சுற்றை ஐந்தில் மூன்று நடுவர்களிடம் எடுத்திருந்தார். இரண்டாவது சுற்று முடிய ஒரு சில விநாடி இருக்கையில், தலையால் இடித்ததாகத் தகுதிநீக்கம். பிரித்தானியாவின் பிரேஸர் கிளார்க்கின் கண்ணருகில் வெட்டுக் காயங்கள் இருந்தன. அலியேவ் றிங் ஓரத்திலேயே வெகுநேரம் குந்தியிருந்து எதிர்ப்புக் காட்டினார். முடிவு மாறவில்லை.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். எதிராளியின் தோள் உயரத்தில் இரண்டு தூணுக்கிடையில் ஒரு கயிறு கட்டுங்கள். அதன் கீழாக இடமும் வலமும் நுழைந்து முன்னேற வேண்டும். இடுப்பை மடித்துக் குனிந்தால் தலை முன்முழங்காலைத் தாண்டிப் போகும், கண் தரையைப் பார்க்கும். அதுதான் இடிக்கிற தலை. முழங்காலை மடித்தால் தலை முழங்காலுக்கு மேலேயே நிற்கும், கண் எதிராளியின் நெஞ்சில் இருக்கும். தினமும் மூன்று நிமிடம் போதும்.

திறந்த கையால் அறைவது, பிடரியில் அடிப்பது, கிறுகி வந்து புறங்கையால் அடிப்பது, இவையெல்லாம் தெரிந்த தவறுகள்தான். கம்ஷீல்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குத்து வாங்கி அது மூன்றாவது தடவை கழன்று விழுந்தால் வோர்னிங். கடையில் வாங்கியபடியே, வெந்நீரில் போட்டுப் பல்லுக்கு அமைக்காமல் வாய்க்குள் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது அது விழாமல் என்ன செய்யும்?

எண்ணுவதற்கு வருவோம். ஒருவர் விழுந்தால், அல்லது நின்றபடியே தலை கலங்கினால், மத்தியஸ்தர் எட்டு வரை எண்ணுவார். விழுந்தவர் பத்து எண்ணும்வரை எழும்பாவிட்டால் தோல்வி. அடித்தவர் நடுநிலை மூலைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் எண்ணிக்கை ஓடாது. இந்த விதியைக் கண்டிப்பாகப் பிடித்ததால் வந்த மிகப் பெரிய கதை 1927 செப்டம்பர் 22, சிக்காகோவில் நடந்தது. தொழில்முறை உலகப்பட்டப் போட்டி, ஏழாவது சுற்று. ஜாக் டெம்ப்ஸி ஜீன் டனியை விழுத்திவிட்டு, மூலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். அவர் போகும்வரை மத்தியஸ்தர் எண்ணத் தொடங்கவில்லை. டனி ஒன்பதில் எழும்பினார். உண்மையில் அவர் தரையில் இருந்தது ஏறத்தாழ 14 விநாடி. புள்ளியில் டனி வென்றார். மத்தியஸ்தரில் பிழை இல்லை. விதியைப் போட்டிக்கு முன்னரே இருவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இலண்டன்தான் சாட்சி. 2012இல் யப்பானின் சதோஷி ஷிமிசுவோடு மோதிய அசர்பைஜான் வீரர் மூன்றாவது சுற்றில் ஆறு தடவை விழுந்தார். மத்தியஸ்தர் ஒரு தடவையும் எண்ணவில்லை. 22-17 என்று விழுந்தவரே வென்றதாக அறிவிப்பு! முறையீட்டின் பின், குறைந்தது மூன்று தடவை எண்ணியிருக்க வேண்டும், ஒரே சுற்றில் மூன்று வந்தால் போட்டி நிறுத்தம் என்று சொல்லி ஷிமிசுவுக்கு வெற்றி கொடுத்தார்கள். மத்தியஸ்தரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஷிமிசு வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

தொழில்முறையில் சுற்றுகள் கூட, மத்தியஸ்தரின் சுதந்திரமும் கூட. இடுப்புக்குக் கீழ் அடி வாங்கியவருக்கு அங்கே ஐந்து நிமிடம் வரை ஓய்வு கிடைக்கும், ஒலிம்பிக் முறையில் ஒன்றரை நிமிடம்தான். போலந்தின் அன்ட்ரூ கொலோட்டா 1996இல் ரிடிக் போவோடு இரண்டு தடவை மோதினார். இரண்டிலும் புள்ளியில் முன்னுக்கு நின்றார். இரண்டிலும் திரும்பத் திரும்ப இடுப்புக்குக் கீழ் அடித்துத் தகுதிநீக்கமானார். கையிலிருந்த வெற்றியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பது என்றால் இதுதான்.

பயிற்றுநர்களுக்குச் சில விடயங்கள். ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையில் மூன்றாவது ஆள் ஒருவரை மத்தியஸ்தராக நிறுத்துங்கள். எதிர்பாராத நேரத்தில் 'பிரேக்' சொல்லட்டும். பின்னுக்கு ஓர் அடி, இரண்டு கையும் கன்னத்தில். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்வாங்குகிறவன் அடுத்த விநாடியே குத்து வாங்குவான், அதைப் பயிற்சியிலேயே வாங்கிப் பழகட்டும். போட்டியன்று உங்கள் பிள்ளைக்கு முன் நடக்கிற சண்டையை வேறு யார் பார்த்தாலும் நீங்கள் மத்தியஸ்தரைப் பாருங்கள். கட்டிக்கொண்டால் எத்தனை விநாடியில் பிரிக்கிறார்? முதலில் எந்தத் தவறைத் தொடுகிறார்? எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்?

சுற்று நடக்கும்போது மூலையிலிருந்து சத்தம் போடாதீர்கள். உங்களை வெளியேற்ற அவருக்கு அதிகாரம் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளின் போட்டி என்றால் மத்தியஸ்தர் சீக்கிரமே நிறுத்துவார், நிறுத்தத்தான் வேண்டும். 'என்ட பிள்ளை இன்னும் நிப்பான்' என்று பெற்றோர் எழும்பி நின்று கூவுவதில் அர்த்தமில்லை.

வோர்னிங் வாங்கிவிட்டு மூலைக்கு வருகிற பொடியனை ஏசுவதும் நேர விரயம். கிடைப்பது ஒரு நிமிடம். இருத்துங்கள், கம்ஷீல்டை எடுங்கள், மூச்சு அடங்கட்டும். மறுகா வாய் நனைக்கத் தண்ணீர். கடைசியாக, ஒரே ஒரு வசனம்: 'தம்பி, ஒரு வோர்னிங் கிடக்கு, அடிச்சிட்டு விலகு.' கம்ஷீல்டைக் கழுவித் திரும்பப் போடுங்கள். மணி அடித்துவிடும்.

வணக்கம்.