மிஞ்சாதபோதும் கொடுத்தவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற அம்மாவின் வாழ்வில் ஓங்கி நிற்பது தாய்மையா, தொண்டா? இதுதான் தலைப்பு. தொண்டே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி, "உலகம் அன்னையர் தினம் கொண்டாடக் காரணமே இந்த அம்மாதான். நாளின் பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது, அப்புறம் எதற்குப் பட்டிமன்றம்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். நல்ல கேள்வி. அந்தப் பெயருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த அம்மா வாழ்ந்த ஊரைப் பார்ப்போம்.

1832-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். 1850-ல் திருமணம். அதன்பின் இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் வெப்ஸ்டர் என்ற சிற்றூரில் குடித்தனம். தட்டம்மை, டைஃபாய்டு, தொண்டை அடைப்பான் என்று நோய்கள் வீடு வீடாகப் புகுந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது. அவர் பெற்ற பிள்ளைகள் பதினொன்று என்பார்கள், பதின்மூன்று என்றும் சொல்வார்கள். வளர்ந்து ஆளானவர்கள் நான்கு பேர்தான்.

இந்த இடத்தில்தான் எதிரணி ஒரு வலுவான வாதம் வைத்தது. 1858-ல் அவர் அன்னையர் தினப் பணிக் குழுக்களைத் தொடங்கியபோது வயிற்றில் ஆறாவது பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்புதான் அவரைத் தெருவில் இறக்கியது. ஆகவே அந்தத் தொண்டே தாய்மையின் வேலை. இதுதான் அவர்கள் வாதம். தவிப்பு இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டுவாரொட்டி நோய் ஊருக்குள் வந்தால், தன் பிள்ளையை மட்டும் நினைக்கிற தாய் என்ன செய்வாள்? கதவைச் சாத்துவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்புவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அது தாய்மையின் நியாயம். இந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு நோய் இருக்கிற வீட்டுக்குப் போனார், நடுவர் அவர்களே! பிள்ளைத்தாய்ச்சியாகப் போனார்.

வெப்ஸ்டர், கிராஃப்டன், ஃபெட்டர்மன், ப்ரண்டிடவுன், ஃபிலிப்பி என்று ஐந்து ஊர்களில் பெண்களைத் திரட்டினார். டைஃபாய்டு வைத்தியத்தில் பெயர் பெற்ற மருத்துவரான தன் சகோதரர் ஜேம்ஸ் ரீவ்ஸைத் துணைக்கு அழைத்தார். மருந்து வாங்கப் பணம் திரட்டினார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பால் நல்லதுதானா என்று பார்த்தார்கள். வீட்டையும் சுற்றுப்புறத்தையும் எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தார்கள். காசநோய்க் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-ல். அதற்கு 24 ஆண்டுகள் முன்னால் இந்தப் பெண்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் செய்ததில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. காசநோயால் ஒரு தாய் படுத்துவிட்டால், அந்த வீட்டில் வேலை செய்ய ஒரு பெண்ணைக் குழுவே சம்பளம் கொடுத்து அமர்த்தியது. படுக்கையில் இருமிக்கொண்டு கிடக்கிற ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். எழுந்திருக்க முடியவில்லை. அடுப்பு எரியவில்லை, பிள்ளைகளின் துணி துவைக்காமல் கிடக்கிறது. நோயை விட அதுதான் அவளை அதிகம் அரிக்கும். அவளுக்கு மருந்து மட்டும் போதாது, வீட்டைத் தாங்க இரண்டு கைகள் வேண்டும் என்று எந்த மருத்துவச் சீட்டு எழுதும்? இவர் எழுதினார். பாவம் என்று பரிதாபப்பட்டதோடு நிற்காமல் பணம் திரட்டி, ஆள் தேடி, சம்பளம் பேசி அனுப்பினார். இதற்குத் தாய்மை என்ற சொல் போதாது. தொண்டு என்பதுதான் சரியான பெயர்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்ற பழமொழியை எதிரணியினர் எடுத்துவிட்டார்கள். அவையும் கைதட்டியது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பதினொரு பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேர் பிழைத்தார்கள் என்றால் ஏழு பேர் போய்விட்டார்கள். 1858-ல் ஆறாவது பிள்ளை வயிற்றில் என்றால் அதுவரை பெற்றது ஐந்து. அந்த ஐந்து பேருமே முன்பே இறந்துவிட்டார்கள் என்று கொண்டாலும், குழுக்கள் தொடங்கிய பிறகு இரண்டு பிள்ளைகளாவது இறந்திருக்க வேண்டும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தார். தன் பிள்ளை வளரவில்லை. பழமொழி அவருக்குப் பலிக்கவில்லை. தன் பிள்ளைக்காகத்தான் இறங்கினார் என்றால், அந்தப் பிள்ளைகளைப் புதைத்த அன்றே வீட்டோடு முடங்கியிருக்க வேண்டாமா? முடங்கவில்லை. 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்' என்கிறோம். அந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சியது? மிஞ்சாமலே கொடுத்தார்.

அடுத்து, 1861. உள்நாட்டுப் போர். அந்த வட்டாரம் இரண்டு பக்கமும் பிளந்து கிடந்தது. ஒரே ஊரிலிருந்து சிலர் வடக்குப் படைக்கும் சிலர் தெற்குப் படைக்கும் போனார்கள். படை முகாம்களில் தட்டம்மையும் டைஃபாய்டும் பரவின. அப்போது இந்தக் குழுக்கள் ஒரு முடிவெடுத்தன. பக்கம் சேர மாட்டோம். வடக்கின் நீலச் சட்டை போட்டவன் வந்தாலும் தெற்கின் சாம்பல் சட்டை போட்டவன் வந்தாலும் சோறும் துணியும் சிகிச்சையும் உண்டு.

போர்வீரனையும் பிள்ளையாகப் பார்த்தார், அதுவும் தாய்மைதான் என்று எதிரணித் தலைவர் எழுந்து சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஐயா, தாய்மைக்கு ஒரு பக்கம் உண்டு. அது தன் பிள்ளையின் பக்கம். அந்தப் பிள்ளையைச் சுட வந்தவனின் காயத்துக்குக் கட்டுப்போடச் சொல்லித் தாய்மையிடம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அந்த வேலையைத் தொண்டால்தான் செய்ய முடியும்.

போர் முடிந்தும் பகை முடியவில்லை. 1868-ல் ப்ரண்டிடவுன் நீதிமன்ற வளாகத்தில் 'அன்னையர் நட்பு நாள்' என்று ஒன்று கூட்டினார். இரண்டு படைகளிலும் இருந்தவர்களைக் குடும்பத்தோடு வரச் சொன்னார். கலவரம் வரும் என்று மிரட்டல்கள் வந்தன. பின்வாங்கவில்லை. துப்பாக்கியால் பேசிக்கொண்டவர்கள் அன்றைக்கு அழுதுகொண்டே கைகுலுக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது.

மணிக்கு அருகே நடுவரின் கை போவது தெரிகிறது. சரி, பெயருக்கு வருகிறேன்.

தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாகவும் இருந்தார் அந்த அம்மா. 1876-ல் ஒரு நாள் பாடம் முடித்து ஜெபித்ததை அவருடைய பன்னிரண்டு வயது மகள் அன்னா கேட்டாள், சாகும்வரை மறக்கவில்லை. வாழ்வின் எல்லாத் துறைகளிலும் மனிதகுலத்துக்குத் தாய் செய்யும் ஒப்பற்ற சேவைக்காக யாராவது என்றைக்காவது ஒரு நாளை ஏற்படுத்த வேண்டும் என்பதுதான் அந்த ஜெபம். வீட்டுக்குள் பிள்ளை வளர்ப்பதற்காக என்று அவர் கேட்கவில்லை. மனிதகுலத்துக்குச் செய்யும் சேவைக்காக என்று கேட்டார். எங்கள் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சி யார்?

தாய் இறந்தது 1905 மே 9. மகள் போராடினார்; 1914-ல் குடியரசுத் தலைவர் வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். ஆனால் மகள் வைத்த பெயர் ஆங்கிலத்தில் ஒருமை. அவரவர் தன் ஒரு தாயை நினைக்கும் நாள் என்று பிடிவாதமாக ஒருமையில் எழுதினார். எதிரணியின் சாட்சி அந்த மகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாய் தன் குழுக்களுக்கு வைத்த பெயர் பன்மை. நம் தமிழைப் பாருங்கள், அன்னை தினம் என்று நாம் சொல்வதில்லை. அன்னையர் தினம் என்கிறோம். அந்த அம்மா வைத்த 'அர்' நம்மிடம் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1908 மே 10. தாய் பாடம் சொன்ன அதே கிராஃப்டன் தேவாலயத்தில் முதல் அன்னையர் தின வழிபாடு. மகளால் நேரில் வர முடியவில்லை. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். வந்தவர்கள் அணிந்துகொள்வதற்காக 500 பூக்கள். பெற்ற தாய்க்கு மட்டும் என்றால் ஒரு பூ போதுமே, நடுவர் அவர்களே. மற்ற 499 பூக்களைத் தராசின் எந்தத் தட்டில் வைக்கப் போகிறீர்கள்?