பொசுக்கென்று போக ஒரு வேண்டுதல்

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானுக்குக் கிளம்பும்போது நம் சங்கத்தில் மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியனுப்பியது ஒன்றேதான்: "அங்க என்னதான் சாப்பிடறாங்கன்னு எழுதிட்டு வாங்க சார்." எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். சோறு, மீன், கடற்பாசி, மிசோ என்ற சோயா விழுதில் வைக்கும் சூப், ஊறுகாய். போதுமா? அந்த ஊறுகாயைப் பற்றி மட்டும் அப்புறம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் 14 பேர். முதுமையையும் நீண்ட ஆயுளையும் பற்றித் தெரிந்துகொள்வதற்கென்றே போட்ட 11 நாள் கல்விச் சுற்றுலா. காலையில் வகுப்பு, மதியம் ஏதாவது ஓர் இடம். பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஆகவே கேள்விகளுக்குக் குறைவில்லை, பதில் முடியும்வரை காத்திருக்கும் பொறுமைக்குத்தான் குறைவு.

முதல் வகுப்பில் ஒரு கணக்கைச் சொன்னார்கள். 1963இல் ஜப்பானில் நூறு வயது தாண்டியவர்கள் 153 பேர். 2025 செப்டம்பரில் 99,763 பேர். நூற்றுக்கு 88 பேர் பெண்கள். நூறு வயதாகிறவருக்கு அரசாங்கம் வாழ்த்துடன் ஒரு வெள்ளிக் கிண்ணம் தருகிறது. ஆட்கள் கூடக் கூட, 2009இல் கிண்ணம் சின்னதாகிவிட்டது. 2016 முதல் சுத்த வெள்ளி போய் முலாம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நமக்கு அதுவும் கிடையாது.

வெள்ளி என்றதும் இன்னொன்று. அங்கே முதியவர்கள் சம்பந்தப்பட்ட எதற்கும் 'சில்வர்' என்று பெயர் வைக்கிறார்கள். நரைத்த முடியை வைத்து வந்ததாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். 1973இல் டோக்கியோ ரயிலில் முதியோர் இருக்கைகள் ஒதுக்கியபோது, வேறு நிறம் தெரியவேண்டும் என்பதற்காக, புல்லட் ரயில் இருக்கைக்கு வாங்கி மிச்சமிருந்த வெள்ளிச் சாம்பல் நிறத் துணியைப் போட்டுத் தைத்தார்களாம். மிச்சத் துணி ஒரு தலைமுறைக்கே பெயராகிவிட்டது.

டோக்கியோவில் சுகாமோ என்று ஒரு கடைத்தெரு. 'பாட்டிகளின் ஹராஜுகு' என்பார்கள். ஹராஜுகு இளவட்டங்கள் சுற்றும் இடம், இது அவர்களுடைய பாட்டிகள் சுற்றும் இடம். உப்புப் போட்ட இனிப்புக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று, ஆரோக்கியத்துக்கென்று சிவப்பு உள்ளாடை, ஊன்றுகோல், இப்படிக் கடைகள். நடுவில் கோகன்ஜி கோயில். அங்கே கருணைக்குரிய தெய்வமான கன்னோனுக்கு ஒரு சின்னச் சிலை உண்டு. உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ, சிலையில் அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். முன்பெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, பழைய சிலையின் முகமே அழிந்துபோனது. 1992இல் புதுச் சிலை வைத்து, இனி துணியால் மட்டும் துடையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் முன்னால் ஒரு பாட்டி நின்றார். சிலையின் முழங்கால், இடுப்பு, அப்புறம் வெகுநேரம் நெற்றி. நெற்றி எதற்கு என்று எங்கள் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். "மறதி வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறாராக இருக்கும்" என்றார். நூறு வயது வேண்டும் என்று கேட்கமாட்டார்களா? அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மெய்வக்கு இல்லாமல் போகவேண்டும், அவ்வளவுதான்."

மெய்வக்கு என்றால் அடுத்தவருக்குத் தரும் தொந்தரவு. இந்த ஒரு சொல்லைத்தான் நான் அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நாகானோ மாநிலத்தில் சாக்கு என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஜிசோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்துக்கு ஒரு சிலை; 'பின்கோரோ ஜிசோ' என்று பெயர். பழங்காலத்துச் சிலை போலும் என்று கைகூப்பினால், 2003இல் வைத்ததாம். 'பின்பின் கொரோரி' என்ற வழக்கின் சுருக்கம் அது. துடிப்பாக நடமாடிக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சட்டென்று சாய்ந்துவிடுவது. எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "கைகால் நல்லா இருக்கும்போதே பொசுக்குனு போயிடணும்" என்று நம் வீட்டுத் திண்ணையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! நாம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தோம், அவர்கள் சிலையே வைத்துவிட்டார்கள்.

அதே மாநிலத்தில் ஒபாசுத்தே என்று மலைச்சரிவில் ஒரு ரயில் நிலையம். பெயருக்கே 'கிழவியைக் கைவிடுதல்' என்று பொருள். அதன் பின்னால் ஒரு பழங்கதை: வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விட்டுவிடவேண்டும் என்று ஆணை. மகன் தாயை முதுகில் சுமந்து ஏறுகிறான். தாய் வழியெல்லாம் சின்னச் சின்னக் கிளைகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே வருகிறாள். திரும்பிவர வழி பார்க்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். அவளோ, "இருட்டிவிடும், நீ வழி தவறாமல் இறங்கவேண்டுமே" என்கிறாள். மகன் மனம் உடைந்து தாயைத் திரும்பத் தூக்கி வருகிறான். அப்படியொரு வழக்கம் உண்மையில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். இருக்கட்டும். நடக்காத ஒன்றை ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டு இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பாரமாகிவிடுவோமோ என்ற பயம் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது, பாருங்கள். அந்தக் கதையில் எனக்குத் தாயின் அன்பைவிட அந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிந்தது. எங்கள் அம்மா கடைசி வருஷம், ராத்திரி தாகமெடுத்தால்கூடக் கூப்பிடமாட்டார். தலைமாட்டில் மணி வைத்திருந்தோம். ஒருநாளும் அது அடித்ததில்லை.

சரி, ஊறுகாய். நாகானோவில் பனிக்காலம் நீளம், கீரையை உப்பில் போட்டு வைத்துத்தான் ஓட்டவேண்டும். 1960களில் பக்கவாதத்தில் சாகிறவர்கள் மிக அதிகமான பகுதிகளில் அதுவும் ஒன்று. ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாகி வீடுவீடாகப் போய், கொதிக்கிற மிசோ சூப்பில் உப்புமானியை விட்டுப் பார்த்து, "அக்கா, இது அதிகம்" என்று சொல்லிச் சொல்லியே குறைத்தார்கள். 2010 கணக்கில் ஆண், பெண் இருவரின் ஆயுளிலும் நாகானோதான் முதலிடம். நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஒகினாவாவில் ஆண்கள் 2000இல் 26ஆம் இடத்துக்கும் 2020இல் 43ஆம் இடத்துக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய பேர்போன பாகற்காய் இன்னும் இருக்கிறது. கூடவே பர்கர் கடையும் காரும் வந்துவிட்டன. ஆக, சமையல் குறிப்பு கேட்ட மூன்று பேருக்கும் என் பதில்: உப்பைக் குறையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் ஷிகோகு தீவில் இருக்கும் காமிகாட்சு. மலையூர். சுமார் 1,400 பேர், பாதிக்குமேல் 65 கடந்தவர்கள். 1981இல் கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போய்ப் பிழைப்பே போயிற்று. 1986இல் இலை விற்க ஆரம்பித்தார்கள். ஆமாம், இலை. ஜப்பானியச் சாப்பாட்டுத் தட்டில் மீனுக்குப் பக்கத்தில் அழகுக்கு வைக்கிறார்களே, அந்த மேப்பிள் இலை, பெர்சிமன் இலை. ஒரு வீட்டுக்குப் போனோம். எண்பது வயதுக்கு மேலிருக்கும் அந்த அம்மாளுக்கு. சாப்பாட்டு மேசையில் இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரே அளவு பார்த்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பூச்சி கடித்தது தனி, கொஞ்சம் பெரியது தனி. எங்களோடு பேசிக்கொண்டே இருந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டார். ஆர்டர் வரும் நேரம். முதலில் தட்டுகிறவருக்குத்தான் அது. விற்பனையில் தான் எத்தனையாவது இடம் என்பதையும் அதிலேயே பார்க்கலாம். எங்களை அப்படியே மறந்துவிட்டார். ஜப்பானில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அவமரியாதை அது.

மெய்வக்கு ஆகிவிடுவோமோ என்ற அதே பயம்தான் ஆளைக் கொல்லவும் செய்கிறது. 2024இல் தனியாக வசித்து வீட்டிலேயே இறந்துகிடந்தவர்கள் என்று போலீஸ் எடுத்த கணக்கு 76,020. அதில் 58 ஆயிரம் பேர் 65 வயதும் அதற்கு மேலும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சங்கடப்பட்டவர்கள் அதில் எத்தனை பேரோ.

2000 ஏப்ரலில் கொண்டுவந்த பராமரிப்புக் காப்பீட்டை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 40 வயதிலிருந்து எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். முடியாமல் போகும்போது மதிப்பீடு செய்து, குளிப்பாட்ட, வீட்டு வேலை செய்ய ஆள் அனுப்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குச் செலவில் பத்தில் ஒரு பங்குதான் கைக்காசு. முன்பு இதுவே அரசு அலுவலகம் பார்த்துக் கொடுக்கும் உதவி, வாங்கக் கூசுவார்கள். இப்போது கட்டிய பணத்துக்குக் கிடைப்பது.

எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பராமரிப்பு ஊழியரிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "மகன் இருக்கும்போது வெளியாள் வந்து கவனித்தால் அக்கம்பக்கம் என்ன பேசும்?" அவர் சொன்னார்: "ஆரம்பத்தில் எங்கள் வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்வார்கள். பெயர் எழுதாத வண்டி கிடைக்குமா என்றுகூடக் கேட்பார்கள்."

மறுநாள் காலை, நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிர்வீட்டு வாசலில் அந்த மாதிரி, முதியவர்களைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்குக் கூட்டிப்போகும் வேன் ஒன்று வந்து நின்றது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர். ஒரு பாட்டி மாற்றுடையும் துண்டும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி வருவதற்கு முன்பே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இறங்கியதும், தாமதமாகிவிட்டது என்று அவரைக் கொஞ்சம் கடிந்துகொண்டது போலத்தான் எனக்குப் பட்டது.