தோற்றுக்கொண்டே ஆடிய அணி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்.எஃப்.எல்-இல் ஒரு அணிக்கு சீசன் முழுக்க 17 ஆட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அடுத்த ஆட்டம் வரை அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான். 2021-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி 13 ஆட்டங்களில் தோற்றது, ஒன்று சமன், வென்றது மூன்றே மூன்று. புதுப் பயிற்சியாளர் டான் கேம்பலுக்கு அது முதல் ஆண்டு. இரண்டு வருடம் கழித்து அவர் வெற்றிகளைக் குவித்தார் என்பது உண்மை. ஆனால் அதைக் காட்டி அந்தத் தோல்விகளை நியாயப்படுத்த நான் வரவில்லை. தோற்றுக்கொண்டிருந்தபோதே அவர் சரியாகத்தான் செய்தார் என்பது என் கட்சி.

டெட்ராய்ட்டுக்குத் தோல்வி புதிதல்ல. 2008-இல், அப்போதைய சீசன் கணக்குப்படி 16 ஆட்டங்கள், பதினாறிலும் தோல்வி. அந்த அணியில் கேம்பலும் ஒரு வீரர். காயத்தால் பெரும்பாலும் வெளியேதான் இருந்தார். 2021 ஜனவரியில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அன்று, எங்களைக் கீழே தள்ளினால் எழுகிற போக்கில் எதிராளியின் முழங்காலைக் கடித்து எடுப்போம் என்கிற மாதிரி பேசினார். நாடே சிரித்தது. 12 ஆண்டு ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மாத்யூ ஸ்டாஃபோர்டும் அதே சமயம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போய்விட்டார். பதிலுக்கு அங்கிருந்த குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபும், வருங்கால வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளும் வந்தன. போன ஸ்டாஃபோர்ட் அந்த சீசனிலேயே லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். டெட்ராய்ட் ரசிகருக்கு எப்படி இருந்திருக்கும்?

செப்டம்பர் 26-ஆம் தேதி ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எதிரணி பால்டிமோர் ரேவன்ஸ். டெட்ராய்ட் 17, பால்டிமோர் 16. ஆட்டம் முடிய சில நொடிகளே பாக்கி. பால்டிமோரின் ஜஸ்டின் டக்கர் 66 கஜத்திலிருந்து பந்தை உதைக்க வருகிறார். கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் மூன்று புள்ளி. அதுவரை அந்த லீகில் யாரும் 64 கஜத்தைத் தாண்டியதில்லை. பந்து பறந்து போய் குறுக்குக் கம்பத்தில் பட்டது, மேலே எம்பியது, அந்தப் பக்கம் விழுந்தது. 19-17. சாதனை அவருக்கு, தோல்வி இவர்களுக்கு.

இரண்டு வாரம் கழித்து மினசோட்டா அணியிடமும் அதே 19-17, அதே மாதிரி கடைசி உதையில். அன்று செய்தியாளர்கள் முன்னால் கேம்பல் அழுதுவிட்டார். பலவீனம் என்றார்கள் சிலர். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. உயிரைக் கொடுத்து ஆடியவர்கள் தோற்றபோது பழியை அவர்கள் தலையில் கட்டாமல், அவர்களுக்காக அழுத மனிதர் அவர்.

அப்புறம் ஃபிலடெல்ஃபியாவிடம் 44-6 என்று நொறுங்கியதும் உண்டு. அதை மறைக்க முடியாது.

டிசம்பர் 5-ஆம் தேதி முதல் வெற்றி. அதே மினசோட்டா. ஆட்டத்தின் கடைசிப் பந்து வீச்சில், புதுமுகம் ஆமன்-ரா செயின்ட் பிரவுனுக்கு காஃப் எறிந்த 11 கஜ டச்டவுன் (எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி), 29-27. அந்த வாரம்தான் பக்கத்து ஆக்ஸ்ஃபோர்ட் ஊர் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு மாணவர்கள் இறந்திருந்தார்கள். இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த வெற்றியை கேம்பல் அந்த ஊருக்கே சமர்ப்பித்தார், பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிக மோசமாகத் தோற்கிற அணிக்கே அடுத்த டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் வாய்ப்பு என்பது அங்கே விதி. தோற்றால் லாபம். அதனால் சீசன் கையை விட்டுப் போனதும் பேசாமல் தோற்றுவிடுங்கள் என்று ரசிகர்களே கேட்பார்கள். கடைசி வாரம் கிரீன் பே பேக்கர்ஸுடன் ஆட்டம். தோற்றிருந்தால் முதல் தேர்வு டெட்ராய்ட்டுக்கு. அவர்கள் 37-30 என்று ஜெயித்தார்கள்! முதல் தேர்வு ஜாக்சன்வில்லுக்குப் போனது.

ஜாக்சன்வில் டிராவன் வாக்கரை எடுத்துக்கொண்டது. இரண்டாவதாக வந்த டெட்ராய்ட்டுக்கு, உள்ளூர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எய்டன் ஹட்சின்சன் கிடைத்தார், நல்ல வரவு. அவர் கிடைக்காமலே போயிருந்தாலும், அந்த ஆட்டத்தை ஜெயித்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.