அந்தப் பிள்ளை எழுதாத பேச்சு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்கு வேறு ஒரு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம் வரும். போன சனிக்கிழமை கிறிஸ்தவ மாணவர்களுக்கான ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அங்கே பார்த்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. தலைப்பு, கெட்ட குமாரன். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை. சொத்தில் பங்கு வாங்கிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனை அப்பா விருந்து வைத்துச் சேர்த்துக்கொள்கிறார், மூத்தவனோ கோபப்பட்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான். ஏற்ற இறக்கத்தோடு கணீர் என்று ஆரம்பித்தாள். ‘கருணைக் கடலாம் தந்தையின் கரங்கள்’ என்கிற மாதிரி வரிகள், எதுகை மோனையெல்லாம் இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளையின் கண் நேராக மூன்றாவது வரிசைக்குப் போனது. அங்கே அம்மா உதட்டை அசைத்து அடுத்த வரியைச் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைக்குப் புரியவில்லை. பாவாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மணி அடித்துவிட்டார்கள்.

போட்டி முடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடிக்கும்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “அண்ணனைத்தான், அக்கா. அவன் வயலிலிருந்து வருகிறான், வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்கிறது. என்ன விசேஷம் என்று வேலைக்காரனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். அவனை யாருமே போய்க் கூப்பிடவில்லையே!” என்றாள்.

25, 26ஆம் வசனங்களில் அப்படியேதான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளை வேதத்தை எவ்வளவு கூர்ந்து வாசித்திருக்கிறாள்! மேடையில் பேசிய பேச்சில் இந்த அண்ணன் ஒரு வரியில்கூட வரவில்லை. ஏனென்றால் அதை எழுதியது அவள் இல்லை.

பெற்றோர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, உங்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்றுதான் ராத்திரி உட்கார்ந்து எழுதித் தருகிறீர்கள். ஆனால் வசனத்தை மனப்பாடம் செய்வது வேறு, அடுத்தவர் நினைத்ததை மனப்பாடம் செய்வது வேறு. வசனம் பிள்ளையோடு கடைசிவரை இருக்கும். எழுதிக் கொடுத்த பேச்சு திங்கட்கிழமை மறந்துபோகும்.

இயேசுவின் சீடர் பேதுரு எப்படிப் பேசினார் என்று பாருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம், 14 முதல் 36 வரை. நிதானமாக வாசித்தால் நான்கைந்து நிமிடம்தான், நம் போட்டிப் பேச்சின் அளவு. சீடர்கள் பல மொழிகளில் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தில் சிலர், ‘இவர்கள் குடித்திருக்கிறார்கள்’ என்று பரியாசம் பண்ணுகிறார்கள். பேதுரு அதையே பிடித்துக்கொள்கிறார். பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதானே ஆகிறது என்கிறார். நம் கணக்கில் காலை ஒன்பது மணி. அங்கிருந்து நேராக, பழைய ஏற்பாட்டில் யோவேல் சொன்ன தீர்க்கதரிசனத்துக்குப் போய்விடுகிறார். எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துப் பேசுகிற பேச்சு அது. பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, எப்படித் தயார் செய்வது? முதலில் பகுதியை இரண்டு மூன்று நாள் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, “உனக்கு என்ன தோன்றியது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல செல்போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள். அதைத் திரும்பக் கேட்டால் பேச்சு பாதிக்கு மேல் அதிலேயே இருக்கும். வேத விவரம் தப்பாக இருந்தால் மட்டும் திருத்துங்கள். வாக்கியத்தை அழகுபடுத்த வேண்டாம். தொடக்க வாக்கியமும் முடிவு வாக்கியமும் மனப்பாடமாக இருந்தால் போதும், நடுவில் மூன்று கருத்துகளின் வரிசை நினைவில் இருக்கட்டும். மூன்று நிமிடப் பேச்சில் முந்நூறு சொல்லைத் தாண்டினால் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, இது நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

திக்கிப் பேசுகிற பிள்ளையைப் பெயர் கொடுக்க விடாமல் தடுக்காதீர்கள். ‘நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்’ என்று யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தில் சொன்னவர் மோசே. உபாகமத்தில் பெரும்பகுதி அந்த மோசே ஜனங்களைப் பார்த்துப் பேசியதுதான்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, நினைவாற்றல், உடல்மொழி எல்லாம் இருக்கிறது. சொந்தச் சிந்தனைக்கு ஒரு கட்டம் இல்லை. பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், அதற்குப் பத்து மதிப்பெண் வையுங்கள். எழுதிக் கொடுத்த பேச்சு அந்த இடத்தில் உதவாது, பிள்ளையேதான் பேச வேண்டும். சனிக்கிழமை அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் படிக்கட்டில் கேட்ட பதிலுக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அது இல்லாததால் நினைவாற்றலில் குறைத்துவிட்டு வந்தேன். அதுதான் உறுத்துகிறது.

கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்து, “அக்கா, அப்பா வெளியே வந்து கெஞ்சினாரே, கடைசியில் அந்த அண்ணன் உள்ளே போனானா?” என்று கேட்டாள். இயேசு அதைச் சொல்லாமலே கதையை நிறுத்திவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அடுத்த வருஷம் நான் அதைப் பற்றிப் பேசட்டுமா?” என்றாள்.